கீழ்நோக்கிய அம்பு

டிசம்பர். மூன்றாவது மாடி.
தாராவித் தொண்ணூறு அடி ரோட்டின் ஹாரன்கள்
ஜன்னல் கம்பிவரை ஏறிவந்து நிற்கின்றன.
வராந்தாவில் ஒரு பெஞ்சு, என் மடியில் டேப்லெட்,
எதிரே ஒவ்வொருவராக நான்காம் வகுப்பு.

எழுத்து, சொல், பத்தி, கதை.
நான்கு கட்டங்கள்.
பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்கிறது சுற்றறிக்கை.
அந்தோணிதுரைக்கு மூக்குறிஞ்சவே ஒரு நிமிடம் ஆகிறது.
மிச்சமிருந்த இரண்டில் கடகடவென்று முடித்தான்.
கதை. பச்சை.

பதினேழாவதாக வந்தாள் இசக்கி ரோஷிணி.
மணிக்கட்டில் நீல மையால் வரைந்த கடிகாரம்,
அதில் எப்போதும் நாலே கால்.

தாளை நீட்டினேன். விரலை வைத்தாள்.
"மழை... பெய்தது.
கு... ளம்... குளம்
நி... ரம்... பி..."
கீழே ஒரு டெம்போ
பின்னால் போகும் பாட்டை முழுதாகப் பாடி முடித்தது.
"நிரம்பியது."

அவளுக்கே அது கேட்டது.
விரலை எடுக்காமல் இன்னொரு தடவை,
இப்போது ஒரே மூச்சில்,
யாரும் கேட்காமலே: நிரம்பியது.

நான்கு வரி. ஒரு பத்தி.
ஜூனில் 'பல்' என்பதைப் படிக்க முடியாமல்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள்.

"நான் பாஸா டீச்சர்?"
"இதுல பாஸ் ஃபெயில் கிடையாதும்மா."
சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கட்டத்தைத் தொட்டேன்: பத்தி.
டேப்லெட் கொஞ்சம் யோசித்தது.
பிறகு சிவப்பில் ஓர் அம்பு, தலை கீழே.
கற்றல் நிலை சரிந்துள்ளது. காரணம் தேர்க:
வருகைக் குறைவு. உடல்நலம். இடப்பெயர்வு.
குடும்பச் சூழல். பிற.

காரணம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது,
டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

ஆகஸ்டு, கடைசி வெள்ளி.
சயானில் தண்டவாளம் தண்ணீருக்குள்.
கல்யாண் வண்டி எப்போது என்று யாருக்கும் தெரியாது.
கேந்திரப் பிரமுக் ஷிர்சாட் மேடம் மூன்றாம் முறை அழைத்தார்.
எண்பது சதவீதம் வேண்டும், உங்களுடையது எழுபத்தொன்று,
பன்னிரண்டு மணிக்குப் போர்ட்டல் மூடிவிடும்.
அதட்டவில்லை. களைத்த குரல்.
அவரை யாரோ மூன்று முறை அழைத்திருப்பார்கள்.
நனைந்த துப்பட்டாவால் திரையைத் துடைத்து
நாற்பத்தைந்தில் நான்கு பெயர்களைப் பச்சையாக்கினேன்.
ஒரு பெயருக்கு ஒரு தொடல்.
சொல்லிலிருந்து நேரே கதைக்கு,
நடுவில் பத்தி என்று ஒன்று இருப்பதைத் தாண்டி.

பச்சைப் பிள்ளைகளுக்குத் துணைப் பயிற்சி கிடையாது.
நாலு மணி அடித்ததும்
மூன்று பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
இவள் மட்டும் போகவில்லை.
பட்டியலில் உன் பெயர் இல்லையே என்றேன்.
"அண்ணன் வர நேரமாவும் டீச்சர்."
கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.
பயிற்சி நாலே காலுக்குத் தொடங்கும்.

அம்பு இன்னும் திரையில் நிற்கிறது.
'பிற' என்பதைத் தொட்டேன்.
ஐம்பது எழுத்துக்குள் எழுதச் சொன்னது.
ஆகஸ்டில் நான் எழுதியது தப்பு
என்று அடித்தேன்.
புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணி
இன்னும் இருபத்திரண்டு எழுத்துக்கு இடமிருக்கிறது என்றது.

அனுப்பு என்ற பொத்தானின் மேல் விரல்.
இசக்கி எட்டிப் பார்த்தாள்.
அவளால் இப்போது படிக்க முடியும் என்பது
அப்போதுதான் உறைத்தது.
"ஆ... கஸ்... டில்..."
அம்மாடி, போ, போய் உட்கார்.

அழுத்தினேனா என்பதைப் போர்ட்டல் சொல்லும்.

அடுத்தது யார் என்றேன்.
கோமதிநாயகம் எழுந்து வந்தான்,
ஆகஸ்டின் நால்வரில் ஒருவன்.
தாளில் விரலை வைத்தான்.
மணிக்கட்டில் ஒன்றும் வரைந்திருக்கவில்லை.